மஞ்சப் பலகைகிட்ட

இல்ல தம்பி, சீனி பத்தலன்னா சொல்லுங்க, முடிச்சுல கொண்டாந்திருக்கேன், உள்ளங்கைல வச்சு நக்கிக்கிட்டே குடிக்கலாம். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க. காலங்காத்தால மழைல நனைஞ்சுக்கிட்டு அந்த இரும்பத் தடவிக்கிட்டு இருக்கீங்களே, சூடா ஒரு வாய் எறங்குனா ஒடம்புக்கு நல்லதுதான? ஆங், அப்படி. அந்தப் பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்ட மேல ஒக்காருங்க. அட்ட மட்டும் ஏறாமப் பாத்துக்குங்க, இந்த மழைக்கு அதுக பேயா அலையுதுக.

ஓம்னு சொல்றீங்களே, யாழ்ப்பாணமா? அதான பாத்தேன். எங்காளுகன்னா டீத்தண்ணி குடுத்தா வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே கைய நீட்டுவாங்க. நீங்க நெசமாவே வேணாங்குறீங்க. சரி, சிரிச்சீங்களே, அது போதும். எம்பேரு பாப்பம்மா. அந்தா வரிசையா ஒட்டிக்கிட்டு, தகரத்துல செவப்பு அடிச்ச லயம் தெரியுது பாருங்க, ரயில்வே லயம், அதுல கடைசிக் காம்பரா எங்களது. எங்க வீட்டுக்காரரு இந்த லைன்ல கீமேனா இருந்தவரு. தோள்ல சுத்தியல வச்சுக்கிட்டு, ஆணி கழண்டிருக்கா, கட்ட ஒடைஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டே நடப்பாரு. கெலிஓயா ஸ்டேசன்ல வீரய்யான்னு கேட்டா இப்பயும் சொல்லுவாங்க. போன மழைக்குப் போயிட்டாரு. ஆமா, வருத்தம் வந்துதான். குடிங்க, ஆறிரும்.

கீழ ட்ரொலில புதுத் தண்டவாளம் எறக்கி வச்சிருக்காங்களே, அது இந்தப் பழசுக்குப் பதிலாப் போடத்தானா? இன்னைக்கேவா? கண்டிக்குக் காலைல போற கோச்சி தாண்டுனதும் அறுக்கப் போறீங்களா? அடக் கடவுளே. நான் என்னமோ அளந்துட்டுப் போயிருவீங்க, மாத்துறதுக்குப் பொங்கல் ஆகும்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் வருசக்கணக்கா இழுப்பாங்க, இதுக்கு மட்டும் என்ன அவசரமோ.

தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கப்படாது. இத இப்படியே விட்டுற முடியாதா?

அட, பைத்தியக்காரி மாதிரி பாக்காதீங்க. நல்ல புத்தியோடதான் கேக்குறேன். மஞ்சப் பலக நட்டு வச்சிருக்கு. அதக் கண்டதும் டிரைவரு மெதுவாக்கிருறாரு. கோச்சி நம்ம நடக்குற நடைல போகுது, இந்த வளைவத் தாண்டுனதும் வேகம் புடிக்குது. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு? லயத்துப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாத்தான் போகுதுக. ஆடு மேயுது. மெதுவாப் போனா எல்லாத்துக்கும் நல்லதுதான?

ம். ம். சொல்லுங்க, கேக்குறேன். ஒவ்வொரு கோச்சியும் இங்க மெதுவானா கண்டில பிந்துது, அங்க பிந்துனா அடுத்த கோச்சி காத்துக்கிட்டு நிக்குது. நின்னு திரும்பக் கெளம்புறதுக்கு எண்ண கூட எரியுது. பெட்டிக்கு அடில சுருளு ஒடையுது, உருள்ற ரோதையும் தேயுது. அம்புட்டும் நட்டம். சரிதான் தம்பி, நான் இல்லங்கல. கெலிஓயாச் சந்தைக்குப் போனா என் காதுபடவே திட்டுறாங்க, இந்த மஞ்சப் பலகையால வேலைக்குப் பிந்திப் போறோம், மொதலாளி கத்துறான்னு. நான் வெண்டிக்காய ஒடைச்சு ஒடைச்சுப் பாத்துக்கிட்டு நிப்பேன்.

நீங்களே சொன்னீங்க, தண்டவாளத்துல இருக்குற இது ரோத சுத்துன தழும்புன்னு. அது எப்படிச் சுத்துச்சுன்னு நான் சொல்றேன், அந்தக் கூத்து ஒங்க ஆபீசுக்கு எங்க தெரியப் போகுது. அங்க ஆலமரத்தடில சூலம் நிக்குதே, எங்க முனியாண்டி. இந்த லைன்ல வேல செஞ்ச எங்க ஆளுகதான் வச்சாங்க. ஆடித் திருவிழாவுக்குத் தேங்கா ஒடைக்கிறது இந்தத் தண்டவாளத்துலதான். கல்லுல அடிச்சா கோணயா ஒடையும், மனசு ஒரு மாதிரியாயிரும். இதுல ஒரே போடு, ரெண்டு மூடியும் பூ மாதிரி விழும். லைனக் காக்குற சாமிக்கு லைன்லயே ஒடைக்கணும்னு வேற ஒரு பேச்சு. கூட கூடயா ஒடைப்பாங்க தம்பி. தண்ணியும் தேங்காயும் நசுங்கி, எண்ண கக்கி, தண்டவாளம் வழுவழுன்னு கெடக்கும்.

இந்த வளைவு ஏத்தம். பாரம் இழுத்துக்கிட்டு வர்ற எஞ்சினு எண்ணைல ஏறுனா என்னாகும்? அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு வருசாவருசம் சாக்கும் மணலுமா வந்து நிப்பாரு. ஒடைக்கிறவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுவாரு, ஏசிக்கிட்டே தொடைப்பாரு. தொடைச்சு மணலத் தூவி முடிச்சுட்டு அவரும் ஒரு தேங்காய அதே எடத்துல ஒடைப்பாரு. ஏங்க இப்படின்னா, எனக்கும் சாமி வேணும்லன்னுவாரு. அப்புறம் தன் தேங்காய்க்குத் தானே திரும்பத் தொடைப்பாரு. அவரு அப்படி ஒரு ஆளு.

ஒரு வருசம் தொடைக்கல.

அது... வீட்ல ஒரு பிரச்சன. அத விடுங்க. சாமான் கோச்சி வந்துச்சு, நான் கோயில்ல நின்னு பாக்குறேன். எஞ்சினு முன்னுக்குப் போகல, ரோத மட்டும் நின்ன எடத்துலயே சுத்துது. பொறி பறக்குது. கிரீச்சுன்னு ஒரு சத்தம், புள்ளைங்கள்லாம் காதப் பொத்திக்கிச்சுக. கருகுன எண்ண வாட வேற. தண்டவாளம் செவந்து போச்சு தம்பி, அடுப்புல வச்ச கம்பி மாதிரி. அந்த நேரம் பாத்து சோன்னு மழ. பழுக்கக் காய்ஞ்ச இரும்புல மழத்தண்ணி விழுந்தா அது இரும்பா இருக்காது, கண்ணாடி மாதிரி ஆயிரும்னு பொறகு அவருதான் சொன்னாரு. சாயங்காலம் போய்ப் பாத்தா, தோசக்கல்லு தீய்ஞ்ச மாதிரி நீலமா, பள்ளமா ஒரு தழும்பு.

அவரே போய் ஓவர்சியர்கிட்ட சொன்னாரு, எம்மேலதான் பிழைன்னு. மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு ரோதையும் அதுல விழுந்து எந்திரிக்கும்போது டொக்கு டொக்குன்னு இடிக்கும்ல? ஒரு வருசத்துக்கு மேல இடிச்சு இடிச்சு அடில இருந்த கல்லு மாவாச்சு, கட்ட எறங்குச்சு, மழ பேஞ்சா சேறு பீச்சி அடிக்கும். ஒரு தரம் ஒட்டு வச்சு அரைச்சு விட்டாங்க, அது பொடுகு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. பொறகுதான் இந்த மஞ்சப் பலக வந்துச்சு. வந்தன்னைக்கு அவரு சாப்புடல.

என்ன சொன்னீங்க? உள்ளுக்கா?

வெளில ஒண்ணும் தெரியலையே தம்பி. நீங்க கொண்டாந்த அந்தப் பொட்டில தெரிஞ்சுச்சா? வயித்துப் புள்ளையப் பாக்குற மிசினு மாதிரியா? அதுல பாத்தா வெடிப்பு கீழ எறங்குதா... எம்புட்டு தூரம்? இம்புட்டா? அப்ப இன்னும் கொஞ்சம் எறங்குனா?

மெதுவாப் போனாலுமா?

இல்ல, நான் என்ன கேக்குறேன்னா, ஒடைஞ்சா எந்தப் பெட்டி சாயும்? எஞ்சினு முன்னுக்குப் போயிருமா? மூணாவது பெட்டின்னு வைங்க. அதுல ஆத்துப் பக்கம் இல்லாம, இந்தக் கரப் பக்கம் சன்னலோரமா ஒருத்தி ஒக்காந்திருக்கான்னு வைங்க. அவ மடில ஒரு... சும்மாத்தான் கேட்டேன். சும்மா இல்ல. என்னத்தச் சும்மா.

எம்மவ தம்பி. அந்தப் பெட்டில எம்மவ வர்றா.

சுந்தரி. ஒத்தப் புள்ள. பல்லேகலயில கார்மெண்ட்ஸுக்குப் போனா. அங்க பஹ்மின்னு ஒரு பையன், திகனக்காரன், கட வச்சிருக்குற குடும்பம். நல்ல பையன்தான், நான் வேற என்ன சொல்ல, எம்புள்ளைய இன்னைக்கு வரைக்கும் அழ வைக்கலையாம். ஆடித் திருவிழா அன்னைக்குக் காலைல கோயிலுக்குன்னு குளிச்சு முழுகிப் போனா, வரல. கூட வேல செய்யுற ஞானேஸ்வரி வந்து அழுதுக்கிட்டே சொன்னா, ரெண்டு பேருக்கும் கலியாணம் முடிஞ்சு போச்சு அத்தை, பேரு கூட மாத்திட்டாங்கன்னு. சகீனாவாம் இப்ப. எனக்கு அந்தப் பேரு வாய்ல வராது, அவளும் வர வேணாம்னுட்டா.

அன்னைக்குத்தான் அவரு தண்டவாளத்தத் தொடைக்கல. கையில இருந்த சாக்க வீசிட்டு என்னையத் தரதரன்னு முனியாண்டி முன்னுக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. சூடத்த ஏத்தி, அணைச்சு சத்தியம் பண்ணுடின்னாரு. அவ நம்ம வாசப்படிய மிதிக்கப்படாது, நானும் நீயும் அவளத் தேடிப் போகப்படாது. யாரு மேல சத்தியம் பண்றதுன்னு கேட்டேன். எம்மேலன்னு சொல்லுவாரு, இல்லாட்டி ஒம்மேலன்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். அவ தலமேலன்னுட்டாரு. நீ மீறுனா அவளுக்கு ஆகட்டும்னாரு. மனுசனுக்குக் கோவம் வந்தா புத்தி எங்க போகுது பாருங்க. நெருப்ப உள்ளங்கையால அணைச்சேன். இந்தா, இந்த எடத்துல. எங்களுக்குப் பின்னுக்கு அந்த எஞ்சினு கெடந்து கத்துது.

பொறகு வீட்ல பேச்சே இல்ல. அவரு பாட்டுக்கு வேலைக்குப் போவாரு, வருவாரு. சோத்தப் போட்டா தின்பாரு, உப்பு இருக்கா இல்லையான்னு கூடச் சொல்ல மாட்டாரு. அவ கம்பளையில வாடகைக்கு இருக்காளாம், கண்டில புடவக் கடையில வேலையாம்னு ஊருல பேசிக்குவாங்க. ஒரு எட்டுப் போற தூரந்தான். நான் காதுல வாங்காத மாதிரியே இருந்துக்குவேன்.

மஞ்சப் பலக நட்டுக் கொஞ்ச நாள் கழிச்சு, சுத்தியலத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னவரு, திரும்பிப் பாக்காமயே சொன்னாரு: இன்னைக்கு எனக்கு டீத்தண்ணி மஞ்சப் பலகைகிட்ட கொண்டா. எனக்குன்னா ஆச்சரியம். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒரு நாளும் லைனுக்கு டீத்தண்ணி கேக்காத மனுசன். போத்தல்ல ஊத்தி, துண்டச் சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். இந்த எடத்துல நின்னாரு, பச்சக் கொடியப் புடிச்சுக்கிட்டு. கோச்சி மெதுவா ஊர்ந்து வருது. மூணாவது பெட்டி சன்னல்ல எம்புள்ள. முக்காடு போட்டுக்கிட்டு. மடில ஒரு குஞ்சு.

அம்மான்னு கூப்புட்டா. அவரு என்ன செஞ்சாருங்கிறீங்க? ஆத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. தெனம் அவ போறதக் கண்டுட்டு, மனசு கேக்காம என்னைய வரச் சொல்லியிருக்காரு, ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. கோச்சி போயி ஸ்டேசனே எட்டியிருக்கும், இவரு இன்னும் கொடிய எறக்காம நிக்கிறாரு. என்னங்க, கோச்சி போயிருச்சுன்னேன். தெரியும்டின்னாரு. பொறகு மெதுவா, நீ ஒண்ணும் தேடிப் போகல, எனக்கு டீத்தண்ணி கொண்டாந்தன்னாரு. விளங்குச்சா தம்பி? அம்புட்டுத்தான் அவரால வளைய முடிஞ்சுச்சு.

பொறகு தெனம் கொண்டாந்தேன். இங்க கர ஒசரம், சன்னல் கைக்கு எட்டும். பய பேரு ஹபீல். அவ அவன் கால வெளில நீட்டுவா, நான் பாதத்தப் புடிச்சுக்கிட்டே இந்தக் கரையோட நடப்பேன், அந்தக் கொய்யா மரம் வரைக்கும். அங்க வேகம் புடிச்சிரும், விட்டுருவேன். பேசுறதுக்கு எங்க நேரம்? இன்னைக்கு நான் ஒண்ணு கேப்பேன், பதில் சொல்றதுக்குள்ள கோச்சி போயிரும். நாளைக்கு வரும்போது அவ பதிலச் சொல்லுவா. பல்லு மொளைச்சிருச்சாடின்னு கேட்டா மறு நாள் அவன் வாயத் தொறந்து காட்டுவா. நாயித்துக்கெழம அவளுக்கு வேல இல்ல, அந்த ஒரு நாளு எனக்குப் பொழுதே போகாது.

அவருக்கு ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. வாயும் போயிருச்சு. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு என் கையப் புடிச்சு விரிச்சு, சூடம் சுட்ட எடத்தக் கட்ட வெரலால தேய்ச்சாரு. தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு தம்பி, அழிக்கிற மாதிரி. எனக்குத் தெரியும் என்ன சொல்ல வர்றாருன்னு. வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, சொல்லுங்கன்னு கெஞ்சுனேன். ங்கா ங்கான்னு ஏதோ வந்துச்சு. அதுக்கு மேல வரல. செத்துப் போனத அவகிட்ட நான் இங்க நின்னுதான் சொன்னேன். அப்பா போயிட்டாருடின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோச்சி தாண்டிருச்சு. அவ அழுத மொகத்தக்கூட நான் பாக்கல. அடுத்த ஸ்டேசன்ல எறங்கி ஓடியாந்திருக்கலாம். வரல. வாசப்படி சத்தியம் அவளுக்கும் தெரியும்.

அவரு மன்னிச்சிட்டாருன்னுதான் அர்த்தம், நீங்க போகலாம்னு சொல்றீங்க. படிச்சவங்க, நல்ல மனசோட சொல்றீங்க. பூசாரிகிட்டயும் கேட்டேன். சத்தியம் வாங்குனவரு வாயால எடுத்திருக்கணும், அவரு போயிட்டாரே பாப்பம்மான்னுட்டாரு. எம்மேல போட்ட சத்தியம்னா இந்நேரம் நூறு தரம் போயிருப்பேன், போனா போகுது இந்தக் கட்டன்னு. அவ தலமேல தம்பி. நான் அவ படிய மிதிச்சுட்டு வந்த மறு நாள் அவளுக்கு ஒரு காய்ச்சல்னா, நான் என்ன ஆவேன்? ஸ்டேசன்ல போயி நின்னா அதுவும் தேடிப் போறதுதான். கடையில போன் எடுத்துப் பேசுனாலும் தேடுறதுதான். அதுக்குத்தான் இப்பயும் தெனம் டீத்தண்ணி கொண்டாறேன். கீமேனோ, கேங்கு ஆளுகளோ, ஆடு மேய்க்கிறவனோ, யாராச்சும் ஒருத்தரு குடிக்கணும். குடிச்சாத்தான் நான் டீத்தண்ணி கொண்டாந்தவ. குடிக்காட்டி தேடி வந்தவளாப் போயிருவேன். இப்ப விளங்குதா ஒங்கள ஏன் அப்படிப் போட்டு வற்புறுத்துனேன்னு.

குடிச்சிட்டீங்களா? நல்லாருப்பீங்க.

மாத்திருங்க தம்பி. நான் கேட்டத மறந்துருங்க. உள்ளுக்கு வெடிச்சு கெடக்குறது தெரியாம, இந்தப் பழைய தண்டவாளம் கெட்டியா இருக்கட்டும் கெட்டியா இருக்கட்டும்னு அந்த முனியாண்டிகிட்ட தெனம் வேண்டிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. அதும் மேலயே எம்புள்ளயும் பேரனும் போய் வந்திருக்குதுக. நல்லா இறுக்கமாப் போடுங்க. வேகமாப் போகட்டும். அந்தப் பலகையையும் புடுங்கிருங்க.

ஆனா இந்தக் கோச்சி தாண்டுன பொறகுதான? சத்தியமா? மூணாவது பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நீங்க சொல்லியிருக்கீங்களா டிரைவருகிட்ட, இன்னும் மெதுவாப் போகச் சொல்லி? அப்பச் சரி. மகராசனா இருங்க.

அந்தா, பாலத்துகிட்ட கூவுது. நேத்து அவகிட்ட கேட்டேன், பய நடக்க ஆரம்பிச்சிட்டானாடின்னு. அதுக்கு இன்னைக்குப் பதில் வரும். வாங்கிக்குவேன். நான் இன்னைக்கு ஒண்ணும் கேக்கப் போறதில்ல.

போத்தல்ல இன்னும் கொஞ்சம் இருக்கு, அந்தக் கோப்பைய இங்கிட்டுக் குடுங்க, ஊத்தி வச்சுக் கையச் சூடாக்கிக்கிறேன். குளுந்த கைன்னா அவனுக்கு ஆகாது. நீங்க கொஞ்சம் அந்தச் சூலத்துக்கு அந்தப் பக்கமாப் போயி நின்னுக்குங்க தம்பி. புது மொகத்தக் கண்டா கால உள்ளுக்கு இழுத்துக்குவான்.